சாயங்காலம் 5 முதல் 9 வரை: சின்னப் பிள்ளைகளிடம் கத்தாமல் இருக்க ஒரு முழு வழிகாட்டி

வீட்டிலேயே எட்டுக் குழந்தைகளை வைத்து ஒரு சின்னக் காப்பகம் நடத்துகிறேன். சாயங்காலம் கூட்டிப் போக வருகிற அம்மா அப்பாக்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "உங்ககிட்ட இவ்வளவு சமர்த்தா இருக்கான், வீட்டுக்கு வந்ததும் ஏன்க்கா இந்த ஆட்டம் ஆடுறான்?" எனக்கும் இரண்டு பிள்ளைகள். பகல் முழுக்க எட்டுப் பேரிடம் பொறுமையாக இருந்துவிட்டு, ராத்திரி எட்டரை மணிக்கு என் சொந்தப் பிள்ளை முன்னால் தட்டை நங்கென்று வைத்துக் கத்தியவள்தான் நானும். அதனால் பொறுமையை யாருடைய குணமென்றும் நான் நினைப்பதில்லை. குணமென்றால் காலையில் இருந்தது ராத்திரி எங்கே போனது?

அது டேங்க் தண்ணீர் மாதிரி. மோட்டார் போட்டால்தான் குழாயில் வரும். புதிதாக முயல்கிறவர்கள் மோட்டாரை மறந்துவிட்டுக் குழாயைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். "இன்னிலேருந்து கத்தவே மாட்டேன்" என்று ஞாயிற்றுக்கிழமை சபதம், புதன்கிழமை உடைந்துபோகும், அப்புறம் குற்ற உணர்ச்சி. கீழே இருக்கும் படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒன்று முதல் ஐந்து வயது வரைக்குமான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது இது.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு சின்ன நோட்டு. மூன்று வார அவகாசம். வீட்டில் இருக்கிற மற்ற பெரியவர்களுடன் ஒரு பேச்சு.

எந்த வாரம் தொடங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். பிள்ளைக்குச் சளி காய்ச்சல், தீபாவளி, ஊரிலிருந்து விருந்தாளி, புதிதாக பிளே ஸ்கூலில் சேர்த்த முதல் இரண்டு வாரம், இதெல்லாம் வேண்டாம். அந்த நாட்களில் எந்த முறையும் தோற்கும். தோற்றதும் முறையே சரியில்லை என்று தோன்றிவிடும்.

பெரியவர்களிடம் பேசும்போது பலரும் சறுக்குவது ஓரிடத்தில். "அத்தை, நான் அவனைக் கண்டிக்கும்போது நீங்க நடுவுல வராதீங்க" என்று ஆரம்பித்தால் அன்றோடு சரி, பேச்சு முடிந்தது. அதற்குப் பதில் ஒரு வேலையை முழுசாகக் கொடுங்கள். "தூங்க வைக்கிற கதை இனிமே உங்க பொறுப்பு அத்தை, நான் அந்த நேரத்துல உள்ளேயே வரமாட்டேன்." தன் பொறுப்பில் ஒரு வேலை இருக்கிறவர், உங்கள் வேலையில் குறுக்கே வருவது தானாகக் குறையும். எங்கள் வீட்டில் அப்படித்தான் குறைந்தது.

1. மூன்று நாள் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

கத்திய ஒவ்வொரு முறையும் நான்கு விஷயங்களைக் குறியுங்கள். மணி என்ன? அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? பிள்ளை கடைசியாக எப்போது சாப்பிட்டது, தூங்கியது? நீங்கள் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம். "எங்க வீட்டுல பிரச்சினை என்னன்னு எனக்குத் தெரியாதா?" என்பார்கள். ஒரு அம்மா தன் மகளின் பிடிவாதம்தான் பிரச்சினை என்று உறுதியாக இருந்தார். நோட்டைப் பார்த்தால் ஒன்பது கத்தலில் ஏழு, ராத்திரி ஏழே முக்காலுக்கும் எட்டரைக்கும் நடுவில். மூன்று நாளும் அவர் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு காபி தவிர எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அவர் சரிசெய்ய வேண்டியிருந்தது மகளையா, காபியையா?

2. முதலில் உங்கள் உடம்பு

பிள்ளையைக் கூட்டி வருவதற்கு முன், அல்லது வீட்டுக்குள் நுழைவதற்கு முன், எதையாவது சாப்பிடுங்கள். சுண்டல், வாழைப்பழம், இரண்டு கடலை மிட்டாய், எதுவானாலும் சரி. பசித்த ஆள் பசித்த பிள்ளையைச் சமாளிக்க முடியாது. காபி பசியை மறைக்கும், தீர்க்காது.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. அசதி, படபடப்பு, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். "எனக்கு இப்பல்லாம் பொறுமையே இல்லக்கா" என்கிறவரிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தீர்கள் என்றுதான். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டிலும் கோளாறு வரலாம். மருத்துவரிடம் கேட்டு அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை அழுகையாக வருகிறது, எதிலும் பிடிப்பில்லை, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, தூக்கம் கலைந்தே கிடக்கிறது என்றால் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு சிகிச்சையால் சரியாகும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். இலங்கையில் 1926.

3. பிள்ளையின் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு கணக்கு கொடுத்திருக்கிறது. 1 முதல் 2 வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம். 3, 4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம். காலையில் எழுப்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆறே முக்காலுக்கு எழுப்பியாக வேண்டிய நான்கு வயதுப் பிள்ளை பகலில் தூங்குவதில்லை என்றால், எட்டரைக்காவது கண் மூடியிருக்க வேண்டும். நம் வீடுகளில் அப்பா வந்து, எல்லோரும் சாப்பிட்டு, சீரியல் முடிந்து, பத்தரை ஆகிவிடுகிறது. இரண்டு மணி நேரத் தூக்கக் கடன். அந்தக் கடனுக்குத்தான் மறுநாள் சாயங்காலம் வட்டி கட்டுகிறோம்.

ஆகவே பிள்ளைக்குச் சாப்பாடு ஏழு மணிக்கு. அப்பாவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அவர் வந்ததும் கொஞ்சுவதற்கு அரை மணி நேரம் கிடைத்தால் போதும்.

ராத்திரி சீக்கிரம் தூங்கட்டுமே என்று பகல் தூக்கத்தைக் கெடுக்கிறார்கள். நடப்பது தலைகீழ். அசந்துபோன பிள்ளை அடங்காது, இன்னும் ஆடும். பகல் தூக்கம் ராத்திரியைத் தள்ளிப்போடுகிறது என்றால் அதை முன்னால் நகர்த்துங்கள், மூன்று மணிக்குள் எழுப்பிவிடுங்கள். படுக்கும் நேரத்தையும் ஒரே நாளில் மாற்றாமல், மூன்று நான்கு நாளுக்குக் கால் மணி நேரம் என்று முன்னால் கொண்டுவாருங்கள்.

போன் விஷயம் இங்கேதான் வரும். அதே கணக்குப்படி ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எவ்வளவு நேரம் என்பதைவிட எப்போது பிடுங்குகிறீர்கள் என்பதில்தான் சண்டை வெடிக்கிறது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளை கையிலிருந்து எட்டு மணிக்குப் போனை வாங்குவது, கேட்டு வாங்கிய வம்பு. காட்டுவதானால் சாயங்காலம் ஆறு மணிக்கு முன், ஓடுகிற வீடியோ முடிந்ததும் அணைக்கலாம். பாதியில் அணைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

4. "தொடாதே" என்று சொல்லவைக்கிற பொருட்களை எடுத்துவிடுங்கள்

ஒரு சாயங்காலத்தில் எத்தனை முறை "வேணாம், தொடாதே, வை" என்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிய அன்று 41. அதில் முக்கால்வாசி ஐந்தே பொருட்களுக்காக: ரிமோட், சார்ஜர், மாமனாரின் மாத்திரை டப்பா, மேசைமேல் இருந்த கண்ணாடி ஜாடி, என் கைப்பை. ஐந்தையும் மேல் தட்டுக்கு ஏற்றியதும் முப்பது சண்டை குறைந்தது. பொறுமைக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

கொசுவிரட்டி திரவம், கழிவறை ஆசிட், மாத்திரைகள், பொம்மைகளிலும் சின்ன ரிமோட்டிலும் இருக்கிற பொத்தான் பேட்டரி ஆகியவை எப்படியும் எட்டாத உயரத்தில்தான் இருக்க வேண்டும். பொத்தான் பேட்டரியை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனை. வெளியே வருமா என்று காத்திருக்கக் கூடாது.

5. பேச்சைச் சுருக்குங்கள்

அடுப்படியில் நின்றுகொண்டு, "டேய், எத்தனை தடவை சொல்றது, பொம்மையெல்லாம் எடுத்து வை, கை கழுவு, சாப்பிட வா, அப்பாகிட்ட சொல்லிடுவேன்" என்று ஒரே மூச்சில் சொன்னால் இரண்டரை வயதுப் பிள்ளைக்கு அது மழைச் சத்தம். நான்கு கட்டளை, ஒரு மிரட்டல். எதை முதலில் செய்வான்?

செய்ய வேண்டியது இது. பக்கத்தில் போங்கள். குந்தி உட்காருங்கள், உங்கள் முகமும் பிள்ளையின் முகமும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். பெயர் சொல்லுங்கள். ஒரே வேலை, ஒரே வாக்கியம். அப்புறம் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இந்தப் பத்துதான் கஷ்டம். முக்கால்வாசிப் பேர் மூன்றாவது விநாடியிலேயே அதையே மறுபடி, இன்னும் சத்தமாகச் சொல்லிவிடுகிறார்கள். சின்ன மூளைக்குக் கேட்டு, புரிந்து, கையில் இருப்பதை விட்டு, திரும்ப நேரமாகும்.

செய்யக் கூடாததைச் சொல்வதைவிடச் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். "ஓடாதே" என்றால் ஓடுவதுதான் காதில் விழும். "மெதுவா நட" என்றால் காலுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. "கொட்டாதே" என்பதற்கு "ரெண்டு கையாலயும் பிடி".

விளையாட்டிலிருந்து கிளப்புவது தனிக் கலை. "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றால் மூன்று வயதுக்கு ஒன்றும் புரியாது. "இன்னும் மூணு தடவை சறுக்கிட்டுக் கிளம்பலாம்" என்றால் புரியும். கூடவே நின்று எண்ணுங்கள், மூன்றானதும் கிளம்பிவிடுங்கள். ஒருநாள் நான்காவது சறுக்கலுக்கு விட்டால், மறுநாள் பத்து கேட்கும்.

தேர்வும் கொடுக்கலாம், ஆனால் இரண்டுக்கு மேல் வேண்டாம். "குளிக்கப் போலாமா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்பதும் ஒரு பதிலாகிவிடும். "சொம்புல குளிக்கிறியா, மக்குல குளிக்கிறியா?" என்று கேளுங்கள்.

பூச்சாண்டி, போலீஸ், ஊசி போடுகிற டாக்டர், மூன்றையும் இன்றோடு விட்டுவிடுங்கள். அந்த நேரத்துக்குப் பலித்த மாதிரி இருக்கும். பதினாறு மாதத்துக்கு மேல் ஒரு தடுப்பூசி, ஐந்து வயதில் இன்னொன்று என்று போகத்தான் வேண்டும். நீங்கள் வளர்த்துவிட்ட பயத்தை அன்றைக்கு நீங்களே தூக்கிச் சுமப்பீர்கள்.

6. சாப்பாட்டுச் சண்டையை நிறுத்துங்கள்

காப்பகத்துக்கு வருகிற அம்மாக்களின் கண்ணீரில் பாதி இங்கேதான் சிந்துகிறது. கிண்ணத்தோடு மாடிக்கும் தெருவுக்கும் நடந்து, காக்காய் காட்டி, போன் காட்டி, கடைசியில் வாயைப் பிடித்து ஊட்டி, பிள்ளை வாந்தியெடுத்து, இருவரும் அழுது. ஒன்றரை மணி நேரம்.

முதலில் ஒரு கணக்கு. முதல் வருடத்தில் குழந்தை தன் பிறந்த எடையைப் போல் சுமார் மூன்று மடங்காகிறது. இரண்டாம் வருடம் முழுக்க ஏறுவது இரண்டு, இரண்டரைக் கிலோதான். வளர்ச்சி வேகம் குறைகிறது, பசியும் குறைகிறது. "ஒரு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்டான், இப்ப சாப்பிடவே மாட்டேங்கிறான்" என்று எல்லோரும் சொல்வதன் காரணம் இதுதான். பெரும்பாலும் அது நோயில்லை.

என்ன உணவு, எப்போது, எங்கே உட்கார்ந்து என்பது உங்கள் முடிவு. எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. தரையில் பாயோ சின்ன நாற்காலியோ, ஒரே இடம். கொஞ்சமாக வையுங்கள்: இரண்டு கரண்டி பருப்பு சாதம், ஒரு துண்டு காய். கேட்டால் மறுபடி போடலாம். மலைபோல் சாதத்தைப் பார்த்தால் பெரியவர்களுக்கே மலைப்பு வரும். இருபது இருபத்தைந்து நிமிஷம், பிறகு தட்டை எடுத்துவிடுங்கள், திட்டாமல்.

முதல் மூன்று நாள் கம்மியாகத்தான் சாப்பிடும். இங்கேதான் எல்லோரும் பயந்து ஒன்பது மணிக்கு ஒரு டம்ளர் பாலும் பிஸ்கட்டும் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த நாள் பிள்ளை பாலுக்காகச் சாதத்தை மறுக்கும், அதுவும் புத்திசாலிதானே. ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டருக்குள் பால் போதும். அதற்கு மேல் போனால் பசியும் போகும், இரும்புச்சத்தும் குறையும்.

எடை ஏறவே இல்லை, குறைகிறது, விழுங்கவே சிரமப்படுகிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அது வேறு விஷயம்.

7. உருண்டு புரண்டு அழும்போது

ஒன்றிலிருந்து நான்கு வயது வரை இது வரும். ஆசையை அடக்குகிற, கோபத்துக்குக் கடிவாளம் போடுகிற முன்மூளைப் பகுதி முழுசாக முதிர இருபது வயது தாண்ட வேண்டும். தரையில் உருளும் பிள்ளை உங்களைத் தோற்கடிக்க உருளவில்லை.

சுற்றிலும் இடிக்கிற பொருள் இருந்தால் நகர்த்துங்கள். பக்கத்தில் உட்காருங்கள். "பலூன் கிடைக்கலன்னு கோவமா இருக்கு" என்று ஒருமுறை சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அழுகையின் உச்சியில் பாடம் நடத்தினால் ஏறாது. தொட்டால் சில பிள்ளைகள் அடங்கும், சில பிள்ளைகள் இன்னும் எகிறும், உங்கள் பிள்ளை எந்த வகை என்பது இரண்டு தடவையில் தெரிந்துவிடும். அடித்தால் கையைப் பிடித்துக்கொண்டு "அடிக்க விடமாட்டேன்" என்று சொன்னால் போதும். திருப்பி அடித்து, அடிக்கக் கூடாது என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதல் தடவை கேட்கும்போதே கொடுத்துவிடுங்கள். இல்லை என்றால் கடைசி வரை இல்லை. இருபது நிமிஷம் அழவிட்டுக் கொடுப்பதுதான் இருப்பதிலேயே மோசம், அழுகையின் விலை இருபது நிமிஷம் என்று சொல்லிக்கொடுத்த மாதிரி. கடையில், பஸ் ஸ்டாண்டில் நடந்தால் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய்விடுங்கள். வேடிக்கை பார்க்கிறவர்களுக்காகத்தான் நாம் அதிகமாகக் கத்துகிறோம்.

சில பிள்ளைகள் அழுதபடியே மூச்சை அடக்கி நீலம் பாரிக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் தானாகத் தெளிந்துவிடும். ஆனாலும் முதல் தடவை வந்ததும் மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவோடு இதற்குத் தொடர்பு உண்டு.

8. உங்களுக்கு எகிறும்போது

ஒவ்வொருவருக்கும் ஓர் அறிகுறி முன்னால் வரும். எனக்குக் காது சூடாகும். என் தங்கைக்குப் பல் கடிபடும். அதைக் கண்டுபிடித்து வையுங்கள், ஏனென்றால் அதற்கும் கத்தலுக்கும் நடுவில் சில விநாடிதான் இருக்கிறது.

அந்த விநாடியில் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டு நகருங்கள். முகம் கழுவுங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். இரண்டு மூன்று நிமிஷம் அழுதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. கைக்குழந்தை விடாமல் அழுகிறது, உங்களால் தாங்க முடியவில்லை என்றாலும் இதேதான்: தொட்டிலில் படுக்க வைத்துவிட்டு வெளியே வாருங்கள், யாரையாவது கூப்பிடுங்கள். கைக்குழந்தையை மட்டும் எந்தக் கோபத்திலும் பிடித்துக் குலுக்கக் கூடாது. மூளைக்குள் ரத்தக் கசிவு வரும், உயிரே போகலாம்.

வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தால் ஒரு சங்கேத வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் "பால் பொங்குது". யார் அதைச் சொன்னாலும் மற்றவர் கேள்வி கேட்காமல் வந்து பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். "என்னாச்சு, ஏன், நீ என்ன சொன்னே" என்ற விசாரணை எல்லாம் பிள்ளை தூங்கிய பிறகு.

9. கத்திய பிறகு

கத்தத்தான் செய்வீர்கள். இருவரும் அடங்கியதும் போய்ச் சொல்லுங்கள்: "அம்மா கத்திட்டேன். அது தப்பு. பயந்துட்டியா?" அவ்வளவுதான். "ஆனா நீ ஏன் அப்படிப் பண்ணுனே?" என்று சேர்த்தால் மன்னிப்பு திரும்பப் பழியாகிவிடும். சாக்லேட் வாங்கிக்கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டாம். போட்ட விதியையும் தளர்த்த வேண்டாம், போன் கிடையாது என்றால் இப்போதும் கிடையாது.

10. வந்ததும் பத்து நிமிஷம்

இப்போது முதலில் சொன்ன கேள்விக்கு வருவோம். காப்பகத்தில் சமர்த்தாக இருக்கிற பிள்ளை வீட்டில் ஏன் ஆடுகிறது? பகல் முழுக்க வரிசையில் நின்று, பொம்மையைப் பங்குபோட்டு, அழுகையை அடக்கி இருந்திருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்த்ததும் கட்டு அவிழ்கிறது. ஆபீஸிலிருந்து வந்து நாம் கணவரிடம் எரிந்து விழுவதில்லையா, அதேதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்பு, துணி, போன் எதையும் தொடாமல் பத்து நிமிஷம் தரையில் உட்காருங்கள். பிள்ளை என்ன விளையாடுகிறதோ அதைக் கூட விளையாடுங்கள். இங்கே எல்லோரும் செய்யும் தப்பு, பாடம் எடுப்பது. "இது என்ன கலர்? எத்தனை கார் இருக்கு, எண்ணு பார்ப்போம்." வேண்டாம். பிள்ளை காரைத் தலைகீழாக ஓட்டினால் நீங்களும் தலைகீழாக ஓட்டுங்கள். இரண்டு பிள்ளைகள் என்றால் தனித்தனியாக ஐந்தைந்து நிமிஷம் கிடைத்தாலும் நல்லது.

இதை ஏன் பத்தாவது படியாக வைத்தேன்? பசியோடும் தூக்கக் கடனோடும் தரையில் உட்கார்ந்தால் பத்து நிமிஷம் பத்து மணி நேரமாகத் தெரியும், பார்வை கடிகாரத்தில் இருக்கும், பிள்ளைக்கும் அது தெரிந்துவிடும். முதல் மூன்று படிகள் முடிந்த பிறகு உட்கார்ந்து பாருங்கள். ஒருநாள் என் மகன் இட்லித் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ரோபோ என்றான். நானும் கவிழ்த்துக்கொண்டேன். சமையல் இருபது நிமிஷம் தள்ளிப்போனது, அன்றைக்கு எட்டரை மணி சத்தமில்லாமல் போனது.

நான்காவது வாரம்

மறுபடி மூன்று நாள் நோட்டில் எழுதுங்கள், முதல் மூன்று நாளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை பாதியாகியிருந்தால் நன்றாகப் போகிறது. குறையாத வரிகள் எந்த நேரத்தில் விழுகின்றன என்று பார்த்து, அந்தப் படிக்கு மட்டும் திரும்புங்கள். ஏழு மணி வரி என்றால் ஆறாவது படி, எட்டரை மணி வரி என்றால் மூன்றாவது, வீட்டுக்குள் நுழைந்த உடனே என்றால் உங்கள் கைப்பையில் அந்தக் கடலை மிட்டாய் இருக்கிறதா என்று பாருங்கள்.